வள்ளிக்கண்ணுவின் நெஞ்சுப் படம்

டாக்டர் அமிர்தராஜ் இரண்டு எக்ஸ்ரே படங்களையும் வெளிச்சப் பெட்டியில் அடுத்தடுத்து மாட்டி, மாற்றி மாற்றிப் பார்த்தார். படம் எடுத்த பிலோமின்ராஜ் பக்கத்தில் நின்றிருந்தான்.

இடப்பக்கம் இருந்தது தை மாதம் எடுத்த படம். இடது நுரையீரலின் மேல்பகுதியில் எட்டணாக் காசு அளவுக்கு ஒரு குழி, அதைச் சுற்றிப் பஞ்சு பிய்த்துப் போட்ட மாதிரி வெளுப்பு. வலப்பக்கம் இருந்தது அன்று காலையில் எடுத்தது. குழியும் இல்லை, பஞ்சும் இல்லை. கழுவி வைத்த கண்ணாடி மாதிரி இருந்தது.

"ரெண்டும் ஒரே ஆளுதானே பிலோமின்?"

"ஆமா சார்."

எதிரே வள்ளிக்கண்ணு உட்கார்ந்திருந்தாள். முசிறிப் பக்கத்துக் குடியானவப் பெண், இருபத்தாறு வயது. பக்கத்தில் கைகட்டி நின்றவன் அவள் புருஷன் வீரமலை. தை மாதம் டாக்டர் இவர்களை டிபி நோயாளிகளுக்கான சானடோரியத்துக்குப் போகச் சொல்லிக் கடிதம் கொடுத்திருந்தார். அங்கே படுக்கை காலியாக மூன்று மாதம் ஆகும் என்றார்கள். இவர்கள் ஊருக்குத் திரும்பாமல் திருவானைக்காவலில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, தினமும் விடியலில் காவிரியில் முழுகி, ஸ்ரீரங்கம் கோயிலில் தன்வந்திரி சன்னதியில் போய் நின்றிருக்கிறார்கள். ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள். ஊசி ஒன்று கூடப் போடவில்லை.

"பெருமாள் கண்ணத் தொறந்துட்டாருங்க" என்றான் வீரமலை. சொல்லும்போதே அழுதுவிட்டான்.

டாக்டர் வெளிச்சப் பெட்டியை அணைத்தார். "நல்லா சாப்பிடும்மா, ஒரு மாசம் கழிச்சு வா" என்று அனுப்பிவிட்டார்.

பிலோமின்ராஜ் மட்டும் டார்க் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்குத் தெரிந்த ஒன்று டாக்டருக்குத் தெரியாது. தை மாதம் அந்தப் படம் எடுத்த அன்று, மருந்துத் தொட்டியில் பிலிமைக் கழுவும்போது பார்த்தால் அதில் எண் விழவேயில்லை. எண் அச்சாவதற்காகப் பிலிம் பெட்டிமேல் ஒட்டும் ஈயத்துண்டு கழன்று எங்கேயோ விழுந்திருந்தது. அன்றைக்கு நெஞ்சுப் படம் இரண்டு, இரண்டும் பெண்கள். மூன்றாவது ஒரு கிழவரின் கை எலும்பு. நெஞ்சுப் படம் இரண்டிலும் எண் இல்லை. பக்கத்தில் பக்கத்தில் காய்ந்துகொண்டிருந்த இரண்டையும் எடுத்து, முதலில் தொங்கியது வள்ளிக்கண்ணுவுடையது என்று ஓர் உத்தேசத்தில் பெயர் எழுதி ஒட்டினான். வெளியே சொன்னால் வேலை போய்விடும் என்று வாயைத் திறக்கவில்லை.

ஆக, பெயர் மாறியிருக்க வேண்டும். வள்ளிக்கண்ணுவுக்கு நோயே இருந்திருக்காது. அற்புதமும் இல்லை, மண்ணும் இல்லை. இப்படி நினைத்ததும் அவனுக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கினாற்போல இருந்தது. ஏன் என்றும் அவனுக்குத் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன் அவன் மகள் ஸ்டெல்லா தொண்டை அடைப்பானில் செத்துப்போனாள். ஐந்து வயது. காய்ச்சல் கண்ட முதல் இரண்டு நாளும் அவனும் மனைவி அற்புதம்மாளும் மாதா கோயிலில் முழந்தாளிட்டுக் கிடந்தார்கள். மந்திரித்த எண்ணெயைத் தொண்டையில் தடவினார்கள். மூன்றாம் நாள்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அதற்குப் பிறகும் அவன் ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறான், பாடுகிறான். ஆனால் யாருக்காவது அற்புதம் நடந்தது என்று கேட்டால் மட்டும் உடம்பு எரியும். நடக்கிறதென்றால் என் பிள்ளைக்கு ஏன் நடக்கவில்லை? யாருக்குமே நடப்பதில்லை என்றால் அதைத் தாங்கிக்கொள்ளலாம்.

இந்த நிம்மதி அவனுக்கு அரை நாழிகைகூட நிலைக்கவில்லை. பெயர் மாறியது உண்மையென்றால், அந்தக் குழி இன்னொருத்தியின் நெஞ்சில் இருக்கிறது. அவளுக்கு நோயே இல்லை என்று டாக்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாயிற்று.

நோட்டைப் புரட்டினான். ஷரபுன்னிசா, முகவரி மரக்கடை. புருஷன் தாஜுதீன் பினாங்கில் கடை வைத்திருக்கிறார். அவரிடம் போய்ச் சேரக் கப்பல் ஏறுவதற்கு மெடிக்கல் சர்டிபிகேட் வாங்கத்தான் படம் எடுத்தாள்.

சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு மரக்கடைக்குப் போனான். வாசலில் பெட்டிகளைக் கயிறு போட்டு இறுக்கிக்கொண்டிருந்தவர் ஷரபுன்னிசாவின் அண்ணன் சேக் மைதீன். நான்கு நாளில் நாகப்பட்டினத்தில் கப்பல்.

"எக்ஸ்ரே படம் இன்னொன்னு எடுக்கணும் பாய். காசு வேண்டாம்."

"ஏன்? அதான் நல்லா இருக்குன்னு எழுதிக் கொடுத்துட்டீங்களே?" சேக் மைதீன் கயிற்றை விட்டுவிட்டு எழுந்தார். "நோன்புக்கு முன்னாடி போய்ச் சேரணும்னு மச்சான் தந்தி மேல தந்தி அடிக்கிறாரு. இப்ப வந்து என்ன கோளாறு பண்றீங்க?"

"என் மேலதான் தப்பு பாய். படத்துல எண் விழல. ஒரு சந்தேகம். கப்பல்ல ஏறினப்புறம் ஏதாவதுன்னா நடுக்கடல்ல யார் பாக்கிறது?"

உள்ளேயிருந்து ஷரபுன்னிசாவின் குரல் வந்தது. "அண்ணே, நாளைக்குப் போயிட்டு வந்திருவோம். மனசுல முள்ளை வச்சுக்கிட்டு என்னால கப்பல் ஏற முடியாது."

மறுநாள் காலை முதல் வேலையாக அவளைத்தான் படம் எடுத்தான். ஈய எண்ணை இரண்டு பட்டை போட்டு ஒட்டினான். தொட்டியிலிருந்து ஈரம் சொட்டச் சொட்டப் பிலிமைத் தூக்கிச் சிவப்பு விளக்கில் பார்த்தான். குழி இல்லை. பஞ்சு இல்லை. இதுவும் சுத்தம்.

அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. ஒருத்தியைக் கொன்றுவிடவில்லை என்ற சந்தோஷம் ஒரு பக்கம். அப்படியானால் அந்தக் குழி யாருடையது?

வெளியே வந்து, "ஒண்ணும் இல்லம்மா, நல்லா இருக்கு" என்றான்.

"அல்ஹம்துலில்லாஹ்" என்று அவள் மூச்சு விட்டாள். அத்தோடு அவன் நிறுத்தியிருக்கலாம்.

"தை மாசத்துல உங்களுக்கு இருமல், காய்ச்சல் ஏதாவது இருந்துச்சாம்மா?"

"இருந்துச்சே. பனிக்காலம் பூரா இருமல். டாக்டர்கிட்ட சொன்னா சர்டிபிகேட் தரமாட்டாரோன்னு சொல்லல. தர்காவுல ஓதின தண்ணி வாங்கிக் குடிச்சேன், ரெண்டு வாரத்துல விட்டுப் போச்சு."

அவர்கள் குதிரை வண்டி ஏறிப் போனபின்னும் பிலோமின்ராஜ் படியிலேயே நின்றான். குழி வள்ளிக்கண்ணுவுடையதாக இருந்தால் ஸ்ரீரங்கத்தில் ஆறியிருக்கிறது. ஷரபுன்னிசாவுடையதாக இருந்தால் தர்காத் தண்ணீரில் ஆறியிருக்கிறது, அதுவும் அவளுக்கே தெரியாமல். அற்புதத்தைத் துரத்தி அடிக்கப் போனவன், ஒன்று இருந்த இடத்தில் இரண்டைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

அன்று மத்தியானம் டாக்டரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். டாக்டர் அவனை நன்றாகத் திட்டினார். வேலையை விட்டு நீக்குகிறேன் என்றார், பிறகு இல்லை என்றார். பழைய படத்தை மறுபடி மாட்டி எலும்புகளை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்.

"சாய்ச்சு எடுத்திருக்கே. ரெண்டு பேரும் ஒரே உடல்வாகு வேற. இது யாருன்னு என்னால சத்தியம் பண்ணிச் சொல்ல முடியாது." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "டிபியே இல்லாம இருக்கலாம். சீழ்க்கட்டி சில சமயம் இப்படித்தான் தெரியும். உடைஞ்சு இருமல்ல வெளிய வந்துட்டா தானே ஆறிடும். சளி டெஸ்ட் பண்ணியிருந்தா தெரிஞ்சிருக்கும். அந்த முசிறிப் பொண்ணு சளி கொடுக்காமயே போயிடுச்சு."

"அப்ப அற்புதம் இல்லையா சார்?"

"நான் அப்படிச் சொன்னேனா?"

"அப்ப உண்டா?"

"எனக்குத் தெரியலேன்னு சொல்றேன்யா. டாக்டர் வாயில அந்த வார்த்தை வரக்கூடாதா?"

விஷயம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் பங்குனியில் வீரமலையும் வள்ளிக்கண்ணுவும் மறுபடி வந்தார்கள். இந்தத் தடவை கூட ஓர் ஆள்: வள்ளிக்கண்ணுவின் அண்ணன் சின்னையா. எலும்பும் தோலுமாக இருந்தான். படம் எடுத்து, சளியும் சோதித்தார்கள். சந்தேகமே இல்லை, டிபிதான். டாக்டர் பல இடத்துக்கு ஆள் அனுப்பிச் சானடோரியத்தில் படுக்கையும் பிடித்துக் கொடுத்தார்.

சின்னையா கடிதத்தை வாங்க மறுத்துவிட்டான். "நான் சீரங்கத்துலயே கெடந்துக்கிறேங்க. தங்கச்சிக்கு ஆனது எனக்கும் ஆகும்."

டாக்டர் சொல்லிப் பார்த்தார், அதட்டிப் பார்த்தார். பிறகு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டுவிட்டார். தாழ்வாரத்துக்கு வந்த சின்னையா, அங்கே நின்ற பிலோமின்ராஜைப் பிடித்துக்கொண்டான்.

"நீங்கதானே அவளுக்கு ரெண்டு படமும் எடுத்தீங்க? நீங்க சொல்லுங்க. அது நெசந்தானே?"

நிஜம் என்றால் இந்த ஆள் செத்துப்போவான். பொய் என்று சொன்னாலும் அது தனக்குத் தெரிந்த விஷயமில்லை. பிலோமின்ராஜ் நடந்ததை நடந்தபடி சொன்னான். ஈயத்துண்டு விழுந்தது, பெயர் ஒட்டியது, இன்னொரு பெண்ணைத் தேடிப் போனது, அவளுக்கும் ஒன்றும் இல்லாமல் போனது, எல்லாவற்றையும்.

வீரமலைக்கு முகம் கறுத்தது. "அப்ப என் பெஞ்சாதிக்கு நோவே இல்லேங்கிறீங்களா?"

"அதான் தெரியலேங்கிறேன்."

வள்ளிக்கண்ணு முன்னால் வந்தாள். "படம் யாரோடதா வேணா இருக்கட்டும்ங்க" என்றாள். "மார்கழியில மூணு தடவ ரத்தமா துப்புனேன். மண்ணப் போட்டு மூடிட்டு இவருகிட்டகூடச் சொல்லல. மாசியில நின்னு போச்சு. அது எனக்குத் தெரியும். எதனால நின்னுச்சுன்னு கேட்டா, நான் கும்புட்ட சாமியத்தானே சொல்லுவேன்?"

"கேட்டீங்கல்ல?" என்றான் சின்னையா. "அவளுக்கு ஊசியில்லாம கொடுத்த சாமி எனக்கு மட்டும் ஊசி போட்டுக்கிட்டு வான்னு சொல்லுவாரா? எனக்கு ஏன் கொடுக்க மாட்டாரு?"

அந்தக் கேள்வி பிலோமின்ராஜை எங்கேயோ தொட்டுவிட்டது. "எனக்கும் கொடுக்கலய்யா!" என்று கத்திவிட்டான். தாழ்வாரத்தில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "எனக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு. ரெண்டு நாள் கோயில்லயே கெடந்தோம். டாக்டர்கிட்ட மொத நாளே போயிருந்தா பொழைச்சிருக்குமோ என்னமோ. அதுவும் தெரியாது. சாமி ஏன் இந்தம்மாவுக்குக் கொடுத்துச்சு, என் பொண்ணுக்கு ஏன் கொடுக்கல, உங்களுக்குக் கொடுக்குமா, எனக்கு எதுவுமே தெரியாது. படுக்கை காலியா இருக்கு. அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும். போங்கய்யா."

வள்ளிக்கண்ணு அண்ணன் கையைப் பிடித்தாள். "நீ போண்ணே. ஊசியப் போட்டுக்க. ஒனக்காக நான் நாப்பத்தெட்டு நாளும் போய் நிக்கிறேன். பெருமாள் ஒண்ணும் கோவிச்சுக்க மாட்டாரு."

மறுநாள் சின்னையா சானடோரியத்துக்குப் பஸ் ஏறினான். பதினாலு மாதம் கழித்து, கன்னம் பூரித்துத் திரும்பி வந்தான். ஊரில் அதைப் பெருமாள் கணக்கில்தான் எழுதினார்கள் என்று வீரமலை பிறகு ஒரு நாள் சொன்னான். டாக்டர் அதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிலோமின்ராஜுக்குச் சிரிப்பும் வரவில்லை, மறுத்துப் பேசவும் தோன்றவில்லை.

ஆனால் அதெல்லாம் பிறகு. தாழ்வாரத்தில் கத்திய அன்று அவன் வீட்டுக்குப் போய், அற்புதம்மாளிடம் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்டெல்லா போனதிலிருந்து அந்த இரண்டு நாளைப் பற்றி அவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. எண்ணெய் வாங்கி வந்தது அற்புதம்மாள். ஆஸ்பத்திரி நாளைக்குப் பார்க்கலாம் என்றது அவன். அவள் அடுப்பைத் தணித்துவிட்டு முழுவதையும் கேட்டாள். பிறகு, "அந்தப் பொம்பளைய நான் ஒரு தடவை பாக்கணும்" என்றாள்.

அவனுக்குப் பயமாக இருந்தது. இவள் அங்கே போய் ஏதாவது கேட்டுவிட்டால்? ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் திருவானைக்காவலுக்குக் கூட்டிப்போனான். அண்ணனுக்காக மண்டலம் இருக்க வந்திருந்த வள்ளிக்கண்ணு அப்போதுதான் ஸ்ரீரங்கத்திலிருந்து திரும்பியிருந்தாள். தலையில் இன்னும் ஈரம் காயவில்லை. இரண்டு பெண்களும் உள்ளே போய்விட்டார்கள். வெளியே வீரமலையோடு உட்கார்ந்து, மழை இல்லாததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த பிலோமின்ராஜின் காது முழுக்க உள்ளேதான் இருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. ஒரு தடவை யாரோ மூக்கைச் சிந்தினாற்போல இருந்தது. பிறகு பாத்திரச் சத்தம்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம் இல்லை. காவிரிப் பாலத்தில் மாட்டு வண்டிகள் வரிசையாக நின்றதால் பஸ் நின்றுவிட்டது. வெயில் சுள்ளென்று அடித்தது.

"என்ன பேசினீங்க?" என்று கேட்டான்.

"என்னென்னமோ. ஸ்டெல்லாவ பத்திக் கேட்டா. சொன்னேன். அவளுக்கு ரெண்டு தடவ கரு கலைஞ்சிருக்காம்."

"நீ நம்புறியா, அற்புதம்?"

அவள் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்தாள். "தெரியலீங்க. அவளைப் பாத்தா எனக்குக் கோவம் வரும்னு நெனச்சுக்கிட்டுத்தான் போனேன். வரல. ஏன் வரலன்னும் தெரியல."

முன்னால் இருந்த வண்டிக்காரன் மாட்டை அதட்டினான். பஸ் மெல்ல நகர்ந்தது. பிலோமின்ராஜ் இன்னும் ஏதோ கேட்க நினைத்தான். என்ன கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை.