மூன்றாவது கை

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்ட் எதிரே ஃப்ளெக்ஸ் வைத்திருந்தார்கள். தேசிய சாம்பியன் அணியின் கோல்கீப்பர் ரெனி, கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தாள். அவள் தோளில் மூன்றாவதாக ஒரு கை இருந்தது.

அது என் கை. பக்கத்தில் நின்ற என்னைப் படத்திலிருந்து வெட்டச் சொன்ன வெள்ளத்துரை அண்ணாச்சி, கையை மறந்துவிட்டார். ஊர்க் கால்பந்துக் கழகத்தின் தலைவர் அவர்.

டீக்கடையில் ஒருவர் சொன்னார். "கீப்பருக்கு மூணு கை வே. அதான் பந்து உள்ள போவ மாட்டேங்கு."

நான் குனிந்தபடி நடந்தேன். பள்ளி ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். மணிக்கட்டில் ஆசிட் பட்ட தழும்புகூட படத்தில் தெளிவாக இருந்தது.

வேறு ஆள் இல்லாததால்தான் பத்தாம் வகுப்பில் ரெனியைக் கோல் கம்பங்களுக்கு நடுவே நிறுத்தினார்கள். பிறகு கல்லூரி அணி, மாநில அணி. இரண்டு முறை விரல் முறிந்தது. பெனால்டியில் பந்து வந்து சேர அரை வினாடிதான் ஆகும். அதனால் மற்ற கீப்பர்கள் முன்பே பாய்ந்துவிடுவார்கள். ரெனி, உதைப்பவளின் ஊன்றுகால் தரையில் பதியும்வரை அசைய மாட்டாள். இறுதிப் போட்டியில் அப்படித்தான் ஐந்தில் மூன்றைத் தடுத்தாள்.

அன்று நிருபர்களிடம், "என் துணை ஒரு பெண். ஆறு வருஷமா சேந்திருக்கோம்" என்றாள். பெயரைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டாம் என்று நான்தான் கேட்டிருந்தேன்.

பாராட்டு விழாவில் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். ரெனியோடு பள்ளியில் ஆடிய முத்துமாரி முன்னாலிருந்து கேட்டாள்.

"ஏட்டி ரெனி, அந்த மூணாவது கை யாருது?"

எல்லோரும் சிரித்தார்கள். வெள்ளத்துரை அண்ணாச்சி அவசரமாக மைக்கைப் பிடித்தார். "ஃப்ளெக்ஸ் கடைக்காரன் செஞ்ச தப்பு. விடுங்க மக்கா."

"தப்பில்ல அண்ணாச்சி" என்று ரெனி மைக்கை வாங்கினாள். "ரெண்டாவது தடவ விரல் முறிஞ்சப்போ நான் ஆட்டத்தை விட்டுட்டு வந்தேன். அந்தக் கைதான் திரும்ப கிளவுஸ மாட்டிவிட்டுச்சு. யாருன்னு அவதான் சொல்லணும்."

அவள் என் பக்கம் பார்க்கவில்லை. பெனால்டிக்கு நிற்பதுபோல் அசையாமல் நின்றாள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது. எழுந்து, தழும்பு தெரியும்படி கையை உயர்த்தினேன்.

நாற்காலிகள் திரும்பும் சத்தம் கேட்டது. முத்துமாரிதான் முதலில் கைதட்டினாள். "அங்கன ஏன் நிக்க? மேல வா" என்றாள் ரெனி.

நான் நடக்கத் தொடங்கினேன். வெள்ளத்துரை அண்ணாச்சி பக்கத்திலிருந்தவரிடம் முணுமுணுத்தது ரெனி கையிலிருந்த மைக்கில் எல்லோருக்கும் கேட்டது.

"பொன்னாடை ஒண்ணுதான வே வாங்கியிருக்கோம்?"