எடுத்து வைக்காத கோப்பு

நூற்றுப் பதினெட்டு நாள், கோப்பின் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் தேதியிலிருந்து இன்றுவரை எண்ணினால் அதுதான் வருகிறது, இரண்டு முறை எண்ணிவிட்டேன், அதற்கப்புறம் யாரும் அதைத் திறக்கவில்லை, நானும்... மற்றதெல்லாம் பென்டிரைவுக்குப் போய்விட்டது, என் பி.எஸ்சி. மதிப்பெண்கள், ஊர்க்கூட்டத் தீர்மானங்கள், அக்கா கல்யாணப் படங்கள், இது மட்டும் திரையில் தனியாக நிற்கிறது. புது விண்டோஸ் போட்டால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், வேணுங்கறத எடுத்து வெச்சிக்கோ என்று மீஞ்சூர்க் கடையிலிருந்து ஹரிஷ் போனில் சொன்னான். வேண்டியது எது? ஒரு பொத்தானை அழுத்தினால் போதும், நான் அழிக்கவில்லை, கம்ப்யூட்டர்தான் அழித்தது என்று ஆகிவிடும்... ஆகுமா?

வாசற்படியில் இருசம்மாள் பெரியம்மா. மடியில் பிளாஸ்டிக் பை, பைக்குள் அவள் மகன் தீனாவின் இறப்புச் சான்றிதழ், ஆதார், ஒரு போட்டோ. நிவாரணத்துக்கு விண்ணப்பிக்க நாளைதான் கடைசி, அந்தப் படிவம் இந்தப் பழைய கம்ப்யூட்டரில் திறக்க மாட்டேன் என்கிறது. "இன்னாடி பூவிழி, ஒம் பொட்டி இன்னும் முழிச்சிக்கலியா? எம் மருமவ கூட இத்தினி நேரம் தூங்கமாட்டா" என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறாள். தீனா போன பிறகு அவள் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன், ஏன் இன்றைக்கு, ஏன் என் வீட்டில்...

ஏரியில் இறாலுக்கு வலை போடும் இடத்தைப் பாடு என்போம், இன்று இவர், நாளை அவர் என்று முறை. தேதிக்கு எதிரே பெயர் போட்ட அந்த முறைப் பட்டியல் நான் டிகிரி முடித்ததும் நைனாவின் நோட்டிலிருந்து என் கம்ப்யூட்டருக்கு வந்தது. ஏலக்கொட்டகைச் சுவரில் ஒட்டும் தாளை நான்தான் அச்சடிக்கிறேன், நாலு பேர் எதிரே வாய் திறக்க வராத எனக்கு அது பிடித்திருந்தது, பேசாமலே ஊருக்குச் சொல்வது போல... ஊரில் சாவு விழுந்தால் அன்று யாரும் ஏரியில் இறங்குவதில்லை, அன்றைய முறைக்காரர் மறுநாள் போவார், அவருக்குப் பின்னால் எல்லாப் பெயரும் ஒரு நாள் தள்ளிப்போகும். பச்சைமுத்து மாமா செத்த அன்று சாயங்காலம், பிணத்தை எடுத்துவிட்டு வந்து குளித்த ஈரத்தோடு நைனா சொன்னார், "பேரெல்லாம் ஒரு நாள் தள்ளி வேற தாளு அடிச்சிக் குடும்மா." அடித்துக் கொடுத்தேன். அவர் படித்துப் பார்க்கவில்லை, கம்ப்யூட்டரில் வந்தால் சரியாக இருக்கும் என்று அவருக்கு. பட்டியலில் பெயர் உள்ள தமிழ்வாணன் அண்ணனும் ஒன்றும் கேட்கவில்லை, அவர் காய்ச்சலில் கிடந்தார். மறுநாள் விடியலில் தீனா போனான், ஏழு மணிக்கு இடி இறங்கியது. படகை இழுத்து வந்ததை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மின்னல் எங்கே விழும் என்று எனக்குத் தெரியும், திறந்த தண்ணீரில் உயரமாக நிற்பது எதுவோ அதன் மேல், இயற்பியலில் அதற்கு நல்ல மதிப்பெண் வாங்கினேன்.

"எம் புள்ள அவன் மொறைல போனாம்மா" என்கிறாள் பெரியம்மா, தெருவைப் பார்த்தபடி, யாரிடமோ போல. "யார் மொறையும் புடுங்கிகினு போவல. அத நெனச்சிகினுதான் ரெண்டு வாய் துன்றேன்." கோப்பை எடுத்து வைத்தால் யாருக்குக் காட்டப் போகிறேன்? வைக்காவிட்டால் அந்த ரெண்டு வாய் சோறாவது அவளுக்கு மிஞ்சும், அப்படியானால் நான் சும்மா இருப்பது அவளுக்காகவா, எனக்காகவா... பொத்தானின் மேல் அம்புக்குறி நிற்கிறது.

"எல்லாத்தியும் எடுத்துகினியாடி? அப்பறம் பூடுச்சேன்னு அழாத."

"ஒண்ணு எடுக்கல, பெரிம்மா."

"அப்ப எடேன். இன்னாது அது?"

"மொறத் தாளு." என் குரல் இவ்வளவு சத்தமாக இருக்குமா? "தலைப்புல தேதிய மட்டும் மாத்துனேன், பேரைத் தள்ளல. அன்னிக்கி தீனா மொற இல்ல, பெரிம்மா. தமிழ்வாணன் அண்ணன் மொற."