கணக்குப் பிரிவின் கணினி

மேசைமேல் இருந்த தொலைபேசி செத்துவிட்டதோ என்ற சந்தேகத்தில் அவன் அதை எடுத்துக் காதில் வைத்துப் பார்த்தான். உயிரோடுதான் இருந்தது. கொய்ங் என்று ஒரே சுரத்தில் பாடியது. கீழே வைத்துவிட்டு, ஒயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று குனிந்தும் பார்த்துக்கொண்டான். அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியில் கணினிகளைக் கவனிக்க இருந்த ஒரே ஆள் அவன். எல்லோரும் அவனை 'சிஸ்டம்' என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டைத் தவிர வேறெங்கும் அவனுடைய பெயருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. முன்பெல்லாம் காலையில் தோளிலிருந்து பையை இறக்குவதற்குள் இந்தத் தொலைபேசி அலறத் தொடங்கிவிடும். பிரிண்டர் பாதிக் காகிதத்தைத் தின்றுவிட்டு நிற்கிறது, திரை நீலமாகிவிட்டது, நேற்றுச் சேமித்ததை இன்று காணோம் என்று ஆளாளுக்கு ஒரு புலம்பல். அப்போது அவன் சலித்துக்கொள்வான். சலித்துக்கொள்வதில் எவ்வளவு சுகம் இருந்தது என்பது இப்போதுதான் தெரிந்தது.

எல்லாம் பக்கத்துக் கட்டடத்துப் பிளாஸ்டிக் கம்பெனியால் வந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மின்னஞ்சலில் வந்த ஏதோ ஒன்றைத் திறக்கப்போய், அவர்களுடைய கோப்புகள் அத்தனையும் ஒரே நாளில் பூட்டிக்கொண்டுவிட்டன. செய்தி கேட்டதும் முதலாளி அவனைக் கூப்பிட்டு, நம்முடையது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார். இங்கே இருந்த விண்டோஸ் எல்லாம் எந்தக் காலத்திலோ எவனோ ஒருத்தன் குறுந்தகட்டில் கொண்டுவந்து போட்ட திருட்டுப் பிரதி. அவற்றுக்குப் புதுப்பிப்பு என்று ஒன்று வந்து வருஷக்கணக்காகிறது. புதிதாகக் காசு கொடுத்து வாங்கினாலும் அந்தப் பழைய பெட்டிகள் தாங்காது. அவன்தான், காசில்லாமல் கிடைக்கிற, பழைய பெட்டியிலும் ஓடுகிற லினக்ஸுக்கு மாறிவிடலாம் என்று சொன்னான். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டான் என்றும் சொல்லலாம்.

வேலை என்று வந்துவிட்டால் அவனுக்கு அரைகுறை பிடிக்காது. ஒவ்வொரு கணினியிலும் இருந்ததை முதலில் எல்லாவற்றுக்கும் பொதுவான சர்வரில் பிரதி எடுத்து, எடுத்த பிரதி திறக்கிறதா என்று பார்த்து, அதன்பிறகுதான் வட்டைத் துடைப்பான். துடைப்பதென்றால் ஒப்புக்கு அழிப்பதல்ல. மூலை முடுக்கெல்லாம் பூச்சியங்களை எழுதி, பழைய எழுத்தின் சுவடே இல்லாமல் ஆக்குவது. அதன்மேல் லினக்ஸ், வட்டுக்கு ஒரு பூட்டு, ஆளுக்கொரு கணக்கு, யாரும் தன்னிஷ்டத்துக்கு எதையும் நிறுவ முடியாதபடி ஒரு கட்டுப்பாடு. முதல் இரண்டு நாள் ஒப்பாரிதான். பட்டன் இடம் மாறிவிட்டது, எழுத்து குண்டாகிவிட்டது என்றார்கள். சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்த பெரியவர், தன்னுடைய சீட்டாட்டம் எங்கே போனது என்று மட்டும் ரகசியமாகக் கேட்டார். அதற்கும் ஒன்று தேடிக் கொடுத்தான். மூன்றாம் நாள் எல்லோருக்கும் பழகிவிட்டது. பிரிண்டர்கூட யாரும் கேட்காமலே தானாக ஒட்டிக்கொண்டு ஒழுங்காக வேலை செய்தது. ஒவ்வொரு பிரிவாக முடிக்க முடிக்க, அந்தப் பிரிவிலிருந்து அழைப்பு நின்றது. இப்படியே போனால் இந்தக் கட்டடத்தில் தன்னைக் கூப்பிட ஒருத்தரும் இருக்கமாட்டார்கள் என்று புரிந்தபோது அவனுக்குப் பயமாக இருந்தது. அவனைக் கூப்பிட வேறு இடமும் கிடையாது. அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள். கூடப்பிறந்த அக்கா ஒருத்தி தூரதேசத்தில் இருக்கிறாள். அவளும் மடிக்கணினி மக்கர் செய்தால்தான் கூப்பிடுவாள்.

மிச்சம் இருந்தது கணக்குப் பிரிவு. பிரிவு என்று பெயரே தவிர, மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன அறை, ஒரு கணினி, கணக்கு அக்கா. அவளுடைய கணினிதான் கம்பெனியிலேயே மகா நோயாளி. தினமும் காலையில் அவனுக்கு அங்கே ஒரு வைத்தியம் இருக்கும். அவன் திரையைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா பேசிக்கொண்டே இருப்பாள். வீட்டுக்காரருடைய முட்டிவலி, மருமகனின் அலட்டல், மாடிவீட்டுக்காரர் விடியற்காலையில் நாற்காலியை இழுக்கிற சத்தம். அவன் 'உம்' கொட்டுவான். எப்போதாவது ஒரு வார்த்தை பதிலுக்குச் சொல்வான். அவனுக்கு ஒரு நாளில் கிடைத்த பேச்சே அவ்வளவுதான்.

மாற்றுவதற்காக அவன் போய் நின்றபோது அக்காவின் முகம் வாடிவிட்டது.

"தம்பி, இத மட்டும் விட்டுடேன். இத்தன வருஷமா இதுலதான் கை பழகியிருக்கு. புதுசு வந்தா நான் தடுமாறிடுவேன். அந்தக் கணக்கு சாஃப்ட்வேர் அதுல ஓடுமோ என்னவோ."

ஓடும். அவன் தன் அறையில் ஒரு வாரம் ஓட்டியே பார்த்திருந்தான். விண்டோஸுக்கென்று எழுதியதை லினக்ஸில் நடத்திக்கொள்ள ஒரு வழி உண்டு. சம்பளச் சீட்டுவரை அச்சடித்துச் சரிபார்த்து வைத்திருந்தான். ஆனால் அவள் கேட்ட அந்த நொடியில் அவன் வாயிலிருந்து வேறு ஒன்று வந்தது. "ஓடாதுக்கா. பாக்கலாம், இப்போதைக்கு இருக்கட்டும்." முதலாளியிடமும் போய் அதையே சொன்னான். கணினியைப் பற்றி அவன் சொல்வதை மறுத்துப் பேச அந்தக் கம்பெனியில் ஆள் இல்லை. அக்காவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவனுக்கும்தான். ஊரெல்லாம் கதவைச் சாத்திவிட்டு ஒரு கதவை மட்டும் திறந்து வைத்திருக்கிறோம் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். பார்த்துக்கொள்ளலாம், நான்தான் தினமும் போகிறேனே என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டான். அதற்குப் பிறகு கொஞ்ச நாள் நன்றாகவே போயிற்று. காலையில் அழைப்பு வரும், இவன் போவான், அக்கா பேசுவாள்.

அப்படித்தான் ஒருநாள் அவள் கூப்பிட்டாள். காகிதக் கம்பெனியிலிருந்து மின்னஞ்சலில் ஒரு பில் வந்திருக்கிறதாம். எத்தனை தடவை அழுத்தினாலும் திறக்கவில்லையாம். அங்கேயாவது திறக்கிறதா பார்க்கலாம் என்று சரக்குப் பிரிவுப் பெரியவருக்கும் அனுப்பினாளாம். அங்கேயும் ஒன்றும் ஆகவில்லையாம். அவள் சொல்லி முடிப்பதற்குள் அவன் தொலைபேசியை அப்படியே போட்டுவிட்டு ஓடினான். அந்தக் கம்பெனியில் அவன் ஓடி யாரும் பார்த்ததில்லை. அறைக்குள் நுழைந்ததும் சுவரிலிருந்து நெட்வொர்க் ஒயரைப் பிடுங்கினான். திரையில் கோப்புகள் ஒவ்வொன்றாகப் பூட்டிக்கொள்ள, அவற்றின் பெயருக்குப் பின்னால் ஏதோ ஒரு வால் முளைத்துக்கொண்டிருந்தது. மின்சாரத்தையும் அணைத்தான். அக்கா வாயில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

பெரியவருடைய லினக்ஸில் அந்தப் பில் அறிமுகமில்லாத வீட்டுக்கு வந்த விருந்தாளி மாதிரி ஒன்றும் செய்யத் தெரியாமல் நின்றிருந்தது. சர்வருக்கும் போய்ச் சேரவில்லை. முந்தின நாள் சாயங்காலம் எடுத்த பிரதி பத்திரமாக இருந்ததால், நஷ்டம் அன்று காலையில் அக்கா போட்ட பதிவுகளோடு போயிற்று. கம்பெனி தப்பித்தது. ஆனால் முதலாளி இரண்டு பேரையும் அறைக்குக் கூப்பிட்டார்.

அக்கா முந்திக்கொண்டாள். தன்னுடையதை மாற்ற வேண்டாம் என்று தானே சொன்னதாகவும், தம்பிமேல் தப்பில்லை என்றும் சொன்னாள். முதலாளியும் அவனைக் குறை சொல்லவில்லை. சாஃப்ட்வேர் ஓடாதபோது சிஸ்டம் மட்டும் என்ன செய்வார் என்று அவனுக்காக அவரே பேசினார். பேசாமல் இருந்திருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் முதலாளி மேசைமேல் இருந்த பேனாவை உருட்டிக்கொண்டே, அக்காவுக்கும் வயசாகிறது, கணக்கை இனி வெளியில் யாரிடமாவது கொடுத்துவிடலாமா என்று யோசிப்பதாகச் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அக்கா தலையை ஆட்டினாள். அந்தத் தலையாட்டலைப் பார்க்க அவனுக்குத் தாங்கவில்லை.

"சார், அது லினக்ஸ்ல ஓடும். நான்தான் ஓடாதுன்னு சொன்னேன்."

முதலாளி பேனாவை நிறுத்தினார். "ஏன் அப்படிச் சொன்னீங்க?"

என்ன சொல்வது? காலையில் யாராவது தன்னிடம் முட்டிவலியைப் பற்றிப் பேச வேண்டும் என்றா? அதைச் சொல்ல அவனுக்குத் தெரிந்த எந்த வார்த்தையும் அந்த அறையில் எடுபடாது. முதலாளி மறுபடியும் பேனாவை உருட்டினார்.

"சோம்பேறித்தனமா?"

"ஆமா சார்."

சோம்பேறி என்று இதற்குமுன் யாரும் அவனைச் சொன்னதில்லை. அதை அவனே ஒப்புக்கொண்டதில் முதலாளிக்கும் ஒருமாதிரி ஆகிவிட்டது போல. இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்பினார். கணக்கை வெளியில் கொடுக்கிற பேச்சை அவர் பிறகு எடுக்கவில்லை. வெளியே வந்ததும் அக்கா நடையில் நின்றாள்.

"ஓடும்னு ஒனக்கு மொதல்லயே தெரியுமா?"

"தெரியும்க்கா."

அவள் அவனைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். திட்டியிருந்தால் தேவலை. தன் பையை எடுத்துக்கொண்டு, அன்றைக்கு உட்கார வேறு இடம் தேடிச் சரக்குப் பிரிவுக்குப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் அந்தச் சின்ன அறையில் அவன் மட்டும் இருந்தான். வட்டைத் துடைக்கவிட்டுவிட்டு, சதவீதம் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மற்ற எல்லாக் கணினிகளையும்விட இதை நன்றாகச் செய்தான். எழுத்தை அவள் கண்ணுக்குத் தோதாகப் பெரிதாக்கினான். கணக்கு சாஃப்ட்வேரின் சின்னத்தைப் பழைய இடத்திலேயே வைத்தான். இனி இங்கே எதுவும் கெட்டுப்போகாது. கெட்டுப்போனாலும் அவன் தன் நாற்காலியில் இருந்தபடியே சரிசெய்துவிடலாம். அவ்வளவு நன்றாக ஒரு வேலையைச் செய்துவிட்டு இவ்வளவு துக்கமாக அவன் எப்போதும் இருந்ததில்லை.

மறுநாள் அவன் சொல்லிக்கொடுத்ததை அக்கா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். தேவைக்குமேல் ஒரு வார்த்தை இல்லை. ஒரு வாரத்தில் கை பழகிவிட்டது. டீ ஆறுவதற்குள் சிஸ்டம் தயாராகிவிடுகிறது என்று அவள் எல்லோரிடமும் பெருமையாகச் சொன்னதாகப் பெரியவர் வந்து சொன்னார். கேட்டதும் அவனுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. பெரியவர் போன பிறகு சப்பென்று ஆகிவிட்டது.

அதன்பிறகு வாரங்கள் போயின. அவனுடைய திரையில் கம்பெனியின் கணினிகள் எல்லாம் பச்சைப் புள்ளிகளாக வரிசையில் நின்றன. புதுப்பிப்பு வந்தால் ஒரே கட்டளையில் எல்லாவற்றுக்கும் போய்ச் சேர்ந்தது. எழுந்து நடக்கவே வேண்டாம். சில நாட்கள் காலையில் காவல்காரருக்குத் தலையாட்டிவிட்டு உள்ளே வந்தால், சாயங்காலம் அதே காவல்காரருக்குத் தலையாட்டும்வரை வாயைத் திறக்கத் தேவையிருக்காது. ஒருநாள் கடையில் ரொட்டி கேட்கும்போது தன் குரல் கரகரவென்று வந்ததைக் கேட்டு அவனே திடுக்கிட்டான்.

அதற்கு மறுநாள்தான் அவன் எழுந்தான். ஸ்க்ரூடிரைவர் பையை எடுக்கப் போன கையை நிறுத்திக்கொண்டான். வேலை இல்லாமல் போகிறவனுக்குப் பை எதற்கு? வெறுங்கையோடு நடையில் நடந்தபோது கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. 'சும்மாத்தான் வந்தேன்க்கா' என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தான். மனிதர்கள் தினமும் சொல்கிற வார்த்தைதான். மற்றவர்களுக்கு அது எப்படி இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்று ஆச்சரியமாக இருந்தது. மாடிப்படிக்குக் கீழே வந்து நின்றபோது அக்கா மும்முரமாகத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் தொண்டையைக் கனைத்தான்.

நிமிர்ந்து பார்த்த அக்கா, சூடான பாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி விசைப்பலகையிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்துவிட்டாள்.

"ஐயோ, என்ன ஆச்சு தம்பி? நான் ஒண்ணும் பண்ணலையே?"

கேட்டுக்கொண்டே எழுந்து நாற்காலியை அவன் பக்கம் தள்ளிவிட்டாள். அவன் வாயைத் திறந்தான். ஒத்திகை பார்த்த வார்த்தை தொண்டைவரை வந்து நின்றது. நாற்காலி காலியாக இருந்தது. அவன் உட்கார்ந்தான்.

"பாத்துட்டுச் சொல்றேன்க்கா."

திரையில் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. அவன் கட்டளை அடிக்கிற கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்து, வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று கணினியைக் கேட்டான். நிறைய இருந்தது. மறுபடியும் அதையே கேட்டான். அதே பதில் வந்தது. பின்னால் அலமாரியில் அக்கா சாய்ந்துகொள்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெருமூச்சு விட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் இப்ப நடக்கிறதே இல்ல தம்பி. ஜன்னல் பக்கம் நாற்காலியப் போட்டுக்கிட்டு ஒக்காந்தே இருக்கார்."

"உம்."

"மெதுவாவே பாரு. இன்னிக்கி எனக்கு அவசரம் ஒண்ணும் இல்ல."

அவன் திரும்பிப் பார்க்கவில்லை. கட்டளையின் முதல் எழுத்தை மட்டும் அடித்துவிட்டு, அடுத்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடுகிறவனைப் போல விசைப்பலகைமேல் குனிந்துகொண்டான்.