பின்னால் ஒரு விளக்குக் கம்பம்

1.
இந்தக் கதை ஒரு விளக்குக் கம்பத்திலிருந்து பிறந்தது. குடும்பத்தோடு பாய்மரப் படகில் விடுமுறை போன நண்பன் படங்கள் அனுப்பியிருந்தான். அவன் அக்கா, அத்தான், பிள்ளைகள், எல்லார் முகத்திலும் கறுப்புக் கண்ணாடி. தள்ளித் தள்ளிப் பார்த்தேன். எல்லாப் படத்திலும் பின்னால் அதே கம்பம், அதில் அதே கிழிந்த சுவரொட்டி. நடுக்கடலில் கம்பம் நட்டது யார் என்று கேட்டேன். கேட்காதே, எழுது என்றான்.

2.
நீலக் கடலைக் கிழித்துக்கொண்டு அந்தப் பழைய படகு…

(இந்த வரியை அடித்துவிட்டேன். அது எதையும் கிழிக்கவில்லை.)

அத்தான் மருந்துக்கடைக்காரர். வீட்டில் அவருக்குப் பெயர் கேப்டன். காதலித்த காலத்தில், கல்லூரியில் பாய்மரப் படகு ஓட்டியவன் நான் என்று அக்காவிடம் ஒரு வார்த்தை விட்டார். உண்மையில் கரையில் நின்று விசில் ஊதினார். (விசில் என் சரக்கு. நண்பனுக்குத் தெரிந்ததெல்லாம் அவர் ஓட்டியதில்லை என்பதுதான்.)

அக்கா அந்த வார்த்தையை மறக்கவில்லை. படகை வாடகைக்கு எடுக்கலாம் என்றாள். பழசு, மலிவு, ஆனால் ஓட்டிப் போக ஆள் தரமாட்டார்கள். மொத்தக் குடும்பமும் கேப்டனைப் பார்த்தது.

3.
படகின் சொந்தக்காரம்மா சாவியைக் கொடுத்துவிட்டுப் போனார். கேப்டன் படகோட்டும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் வானத்தைப் பார்த்தார். காற்று சரியில்லை என்றார். மறுநாள் அலை சரியில்லை. அதற்கடுத்த நாள் காற்றும் அலையும் சரி, மேகம் சரியில்லை. ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல், நம்மவருக்கு வானமே கோணல்.

கம்பத்துக்கு எதிரே கரையில் கட்டிப்போட்ட படகிலேயே சமைத்தார்கள், தூங்கினார்கள், கடலைப் பார்த்து ஆகா என்றார்கள். நண்பன் கம்பம் விழாத கோணம் தேடித் தேடிப் படமெடுத்துத் தோற்றான்.

(இவரை இன்னும் கோமாளியாக்க நினைத்தேன். ஆனால் மதியம் கீழறையில் தனியாக உட்கார்ந்து, வழிகாட்டிப் புத்தகத்தில் முடிச்சுப் படம் பார்த்து ஷூ லேஸில் பழகிக்கொண்டிருந்தார். பாவமாகிவிட்டது. அவருக்குக் கடல் பயமில்லை. அக்கா முகம் மாறிவிடுமோ என்றுதான் பயம்.)

4.
முதல் பிரதியில் அக்காவுக்கு ஒன்றும் தெரியாது. நண்பன் படித்துவிட்டுச் சிரித்தான். அக்கா ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவள், முதல் நாளே தெரியுமாம். பிறகு ஏன் கேட்கவில்லை?

"அவரா சொல்லட்டும்னு இருந்தா."

கடைசி நாள், படகைத் திரும்பக் கொடுக்கும் முன், எல்லாரையும் கீழே அனுப்பிவிட்டு அக்கா படகைக் கட்டியிருந்த கயிற்றின் முடிச்சின்மேல் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என்னங்க, இன்னிக்குக் காத்து எப்படி?"

கேப்டன் வாயைத் திறந்தார்.

5.
முடிவு (அ): நல்லாருக்கு என்கிறார். அவள் அவிழ்க்கிறாள். படகு நேரே போய்ப் பக்கத்துப் படகில் முட்டுகிறது.

முடிவு (ஆ): எனக்கு ஓட்டத் தெரியாது என்று அழுகிறார், கடலலையும் அவரோடு சேர்ந்து…

(வேண்டாம். அலையை இதில் இழுக்காதே.)

நண்பனைக் கேட்டேன். கீழே இருந்ததால் ஒன்றும் காதில் விழவில்லை என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பிறகு எடுத்து அனுப்ப மறந்த ஒரு படத்தை அனுப்பினான்.

கம்பம் இல்லை. சுற்றிலும் கடல். சக்கரத்தைப் பிடித்திருப்பவர் சொந்தக்காரம்மா. அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். முன்னால் நெஞ்சை நிமிர்த்தி நிற்கும் கேப்டனின் வாயில், லைஃப் ஜாக்கெட்டில் தொங்குமே, அந்த விசில்.

சத்தியமாக அதை நான் வைக்கவில்லை.

அவர் என்ன சொன்னார் என்பதை உங்களிடமே விடுகிறேன். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருக்கும். இடம் விட்டிருக்கிறேன்:

"இந்தா, ஒண்ணு சொல்லணும். நான் ……………"