தாத்தா யுனிவர்சிட்டிக்குப் போறா

1

இந்தக் கதை கர்ப்பமான ஒரு தாத்தாவிடமிருந்து எனக்குக் கிடைத்தது.

வத்தேகமயிலிருந்து கண்டிக்குப் போகிற பஸ்ஸில் இருந்தேன். மடவளையில் ஏறிய ஒரு பெண் முன்சீட்டில் உட்கார்ந்து போனில் சத்தமாகச் சொன்னாள்: "தாத்தாக்கு வயித்துல புள்ள. இது நாலாவது." நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவன். எனக்குத் தாத்தா என்றால் அப்பாவைப் பெற்றவர். கட்டுகஸ்தோட்டை வரும்வரை சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டேன். பிறகுதான் மண்டையில் ஏறியது. இந்தப் பக்கத்து முஸ்லிம்களுக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி. சிங்களவருக்கோ தாத்தா என்றால் அப்பா. யாராவது ஒருவர் தாத்தா என்று கூப்பிட்டால், ஓர் அக்காவும் ஓர் அப்பாவும் ஒரு கிழவரும் சேர்ந்து திரும்பிப் பார்க்கிற ஊர் இது.

அந்தச் சொல்லை வைத்து ஒரு பக்கத்துக்குச் சிரிப்புக் கதை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். உட்கார்ந்ததுதான் தெரியும்.

2

முதல் தொடக்கம்: "ஹுஸைன் அம்பிட்டியவில் பஸ்ஸைவிட்டு இறங்கியபோது மழை"

வேண்டாம். கண்டியைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் வரியிலேயே நனைந்துவிடுகிறார்கள்.

இரண்டாம் தொடக்கம்: "படையிலிருந்து விலகிய வீரர்களின் உயர்கல்வியை ஊக்குவிக்கும் முகமாக"

இது சுற்றறிக்கை. இதை வாசிக்க உங்களுக்குச் சம்பளமா தருகிறார்கள்?

மூன்றாம் தொடக்கம், இதையே வைத்துக்கொள்வோம்: ஹுஸைனுக்குப் பல்கலைக்கழகப் படிப்பு ஒன்று சும்மா கிடைத்தது. அவனுக்கோ புத்தகத்தைத் திறந்தாலே கொட்டாவி வரும்.

மடவளைக்காரன். பட்டாளத்தில் லொறி ஓட்டியவன். முழங்கால் உடைந்து விலகி வந்து, இப்போது பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவனைப் போன்றவர்கள் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தால் படிப்புச் செலவைப் படைவீரர் நலன்புரி அலுவலகம் கட்டும். தனக்கு வேண்டாமென்றால் மனைவிக்கோ பிள்ளைக்கோ தன்னை நம்பியிருக்கும் பெற்றோருக்கோ அதைக் கொடுக்கலாம்.* ஹுஸைனுக்கு மனைவியும் இல்லை, பிள்ளையும் இல்லை. உம்மா அவன் சிறுபிள்ளையாக இருக்கும்போதே மௌத்தாகிவிட்டா. வாப்பா திருகோணமலைப் பக்கம் வியாபாரத்துக்குப் போய் அங்கேயே இன்னொரு கல்யாணம் முடித்து, பிறகு அவரும் போய்ச் சேர்ந்தார். மிஞ்சியிருப்பது றம்லத் மட்டும்தான், அவனுடைய தாத்தா.

(* இப்படியொரு திட்டம் இருக்கிறதா, விண்ணப்பம் எங்கே கிடைக்கும் என்று விசாரித்துக்கொண்டு போகாதீர்கள். திட்டம் நான் கட்டியது. அலுவலகமும் என்னுடையதுதான். முதலில் அதைக் கண்டி வாவிக்கரையில் வைத்திருந்தேன். மேடு ஏறும்போது ஹுஸைனின் முழங்கால் வலிக்கட்டும் என்று அம்பிட்டியவுக்குத் தூக்கிப்போனேன். கதை எழுதுகிறவன் செய்கிற கொடுமைகளில் இது சின்னது.)

3

தமிழ் பேசுகிற ஒருவன் பட்டாளத்தில் இருந்தான் என்றதும் உங்களில் சிலருக்கு முகம் மாறியிருக்கும். எனக்கும் மாறியது. அதனால்தான் அவனுக்கு லொறியைக் கொடுத்தேன். துவக்கைக் கையில் கொடுக்க மனம் வரவில்லை. லொறியில் என்ன ஏற்றிப்போனான் என்று கேட்டேன். அரிசி, சீமெந்து, சில நாட்களில் ஆட்கள் என்றான். எந்த ஆட்கள் என்று நான் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. அந்தக் கதை வேறு. அதை எழுத இன்னும் துணிவுள்ள ஒருவர் வரவேண்டும்.

இவனிடம் எனக்குப் பிடித்தது ஒன்றுதான். தனக்குக் கிடைத்ததை யாருக்குக் கொடுப்பது என்று அவன் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

4

றம்லத்தைப் பற்றி எழுதுவது சுலபம், ஏனென்றால் அவள் சும்மா இருப்பதில்லை.

உம்மா போனபோது சாதாரணதரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள், தம்பியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்தைவிட்டு வந்தாள். பிறகு அதே பள்ளிக்கூடத்துக்கு எதிரே ஒரு சின்னக் கடை போட்டாள். கொப்பி, பென்சில், பழைய வினாத்தாள் புத்தகங்கள். வினாத்தாள் விற்கிறவள் அதைச் செய்தும் பார்த்தாள். முதலில் பொழுது போவதற்காக. பிறகு பிள்ளைகள், "தாத்தா, இதுக்கு விடை என்ன?" என்று கேட்கத் தொடங்கியதால் மானம் போகாமலிருப்பதற்காக. விட்டுவந்த சாதாரணதரத்தை எழுதி முடித்து, கடைசியில் தன்னிடம் பேனை வாங்கிய பிள்ளைகளோடு சேர்ந்து உயர்தரப் பரீட்சை எழுதினாள். அவர்களில் பாதிப்பேரைவிட நல்ல பெறுபேறு. தலையில் நரை தெரியத் தொடங்கிவிட்ட வயதில், புவியியலில், வீட்டிலிருந்தே படிக்கிற வெளிவாரிப் பட்டப்படிப்புக்கு இடமும் கிடைத்தது.

ஏன் புவியியல் என்று ஹுஸைன் கேட்டான்.

"ஹன்தானை மலைல பெய்ற மழ மடவளைக்கு வராமப் போகுதே, அது ஏன்டு எனக்குத் தெரியணும்."

அந்தப் படிப்புக்கு மாதமுடிவுக்குள் கட்டணம் கட்டவேண்டும். கட்டாவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். கொப்பி விற்கிற கடைக்கும் பிள்ளைகள் ஏற்றுகிற வேனுக்கும் அது எட்டாத உயரம்.

5

இனி அம்பிட்டிய. மழை இல்லை, சொல்லிவிட்டேன்.

அலுவலகத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் ஓய்வுபெற்ற மேஜர் ஒருவர். முன்கோபக்காரராக அவரை எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனிதராகவே வந்து உட்கார்ந்துகொண்டார். ஹுஸைனின் முழங்காலைப் பார்த்துவிட்டுக் கதிரையை அவரே இழுத்துப் போட்டார். பேச்செல்லாம் சிங்களத்தில்.

"யாருடைய படிப்புக்காக வந்திருக்கிறாய்?"

வேனை ஓட்டிக்கொண்டே ஒரு வாரமாக ஒத்திகை பார்த்த பதில் ஹுஸைனிடம் இருந்தது. மூத்த சகோதரிக்குச் சிங்களத்திலும் அக்காதான். அது அவனுக்குத் தெரியாததல்ல. வயதில் பாதியைச் சிங்களத்தில் கழித்தவன். ஆனால் றம்லத்தை அவன் எந்த மொழியிலும் அக்கா என்று கூப்பிட்டதில்லை. மேஜர் கேட்ட தொனியில் இருந்த அன்பு அவனைத் தடுமாற வைத்துவிட்டது. உள்ளே இருந்த சொல்லே வெளியே வந்தது.

"மகே தாத்தா" என்றான். என்னுடைய தாத்தா. "சின்ன வயதிலிருந்து என்னை வளர்த்தது தாத்தாதான் சேர். எனக்காகப் படிப்பை விட்டது. இப்போது படிக்க ஆசைப்படுகிறது."

இதைத் தமிழில் சொல்லியிருந்தால் "வளர்த்தா", "விட்டா" என்று வந்திருக்கும். வினையின் வாலிலேயே பெண் என்று தெரிந்திருக்கும். பேச்சுச் சிங்களத்தில் வினைக்கு அந்த வால் கிடையாது. மேஜருக்குக் கேட்டதெல்லாம், தன் அப்பாவைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் போராடுகிற ஒரு மகனின் குரல்.

அவர் விதிக்கோவையை எடுத்துப் புரட்டினார்.

"விதியில் பெற்றோர் என்று போட்டிருக்கிறது. ஆனால் இதுவரைக்கும் ஒருவனும் அப்பாவைப் படிக்கவைக்க இங்கே வந்ததில்லை. என் அப்பா ஐந்தாம் வகுப்போடு வயலுக்குப் போனவர். எனக்கு இப்படித் தோன்றவேயில்லை பார்." அவருடைய கண் கலங்கியிருந்தது. எழுந்து ஹுஸைனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அப்போதுதான் ஹுஸைனுக்கு விளங்கியது. உடனே அவன்

(இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. உடனே உண்மையைச் சொன்னான் என்று எழுதினால் கதை இங்கேயே படுத்துவிடும். உடனே தலையாட்டினான் என்று எழுதினால் அவன் ஏமாற்றுக்காரனாகிவிடுவான். அவன் என்னதான் செய்தான் என்று கூர்ந்து பார்த்தேன். குடிக்கத் தண்ணீர் கேட்டான்.)

6

தமிழில் நிரப்பவேண்டியவற்றை நிரப்புவதற்குப் பக்கத்து அறையில் ராஜலிங்கம் என்ற கிளார்க் இருந்தார். வத்தேகமப் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து படித்து வந்தவர்.

"ஒங்க தாத்தாவா? யுனிவர்சிட்டிக்கா?" அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நடமாட்டமெல்லாம் நல்லாருக்குங்களா?"

"ஏன் நானா," என்றான் ஹுஸைன். அண்ணனுக்கு அவர்கள் சொல்லும் பெயர் நானா. "நல்லாத்தான் ஈக்கிறா. கடைக்குத் தனியாத்தான் போறா."

"போறா?"

ராஜலிங்கத்தின் பேனை நின்றது.

"தாத்தா பேரு என்னாங்க?"

"றம்லத்."

ராஜலிங்கம் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். "அட கடவுளே. மேஜர் ஐயா ஒங்க அப்பான்னு நெனச்சிக்கிட்டு இருக்காரு. நான் கெழவர்னு நெனச்சேன். நீங்க ஒங்க கூடப்பொறந்தவங்களச் சொல்றீங்க."

"விதில சகோதரம் இல்லியா நானா?"

"இல்லீங்க. நான் நல்லாவே பாத்திருக்கேன், இல்ல." அவர் பெருமூச்சு விட்டார். "நான் ஒண்ணும் கேக்கல, நீங்க ஒண்ணும் சொல்லல. ஆனா ஐயாவுக்கு ஒங்கப்பாவ நேர்ல பாத்துக் கும்புடணுமாம். அடுத்த கெழம கூட்டிட்டு வரச் சொல்லிட்டாரு. அப்ப என்னா பண்ணப் போறீங்க?"

(ராஜலிங்கம் அச்சொட்டாக என்னைப் போலவே பேசுகிறார், என்னைப் போலவே பயப்படுகிறார். அவரைக் கதையிலிருந்து வெட்டிவிடப் பார்த்தேன். ஆனால் ஹுஸைனுக்கு அந்த நேரத்தில் பக்கத்தில் ஒரு ஆள் தேவைப்பட்டது.)

7

றம்லத் முதலில் சிரித்தாள். கல்லாப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள்.

"என்னைய வாப்பான்டா நெனச்சாங்க? தாடிய எங்க தேடுற?"

பிறகு சிரிப்பு நின்றது. "நீ உண்மையச் சென்னியா, இல்லியா?"

"செல்ல ஏலாமப் போச்சு."

"ஏலாமப் போச்சா, விருப்பமில்லாமப் போச்சா?"

ஹுஸைன் தலையைக் குனிந்துகொண்டான். "உண்மையச் சென்னா படிப்பு இல்ல தாத்தா. எனக்கு அவ்ளோதான் வெளங்கிச்சு."

அவளுக்கு ஆசை இல்லை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இன்னும் கட்டணம் கட்டாத படிப்புக்கு இரண்டு புத்தகங்களைப் பழையதாக வாங்கி, தன் கடையிலேயே விலைகூடிய உறைத்தாளில் துண்டு கிழித்து அட்டை போட்டு வைத்திருந்தாள். இத்தனை வருஷத்தில் தனக்கென்று அவள் கேட்ட முதல் சாமான் இந்தப் படிப்பு. அவள் அதை விடமாட்டாள் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

"அந்த மனுசன் அவர்ட வாப்பாவ நெனச்சிக் கண் கலங்கினாரா?"

"ஓ, கலங்கினார்."

"சல்லியக் களவெடுத்தா திருப்பிக் குடுக்கலாம். அந்தக் கண்ணீர எப்பிடிக் குடுக்குற?"

8

இந்த இடத்தில் நான் மூன்று நாள் எழுதாமல் இருந்தேன். சும்மா இல்லை, தப்பிக்க வழி தேடினேன்.

வழி அ. விதியில் ஒரு வரியைச் சேர்ப்பது: "பெற்றோரின் ஸ்தானத்தில் நின்று வளர்த்தவர்களும் இதில் அடங்குவர்." திட்டமே என்னுடையது, யார் தடுக்கப் போகிறார்கள்? எழுதி, என் மனைவி பாலம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்ப இம்புட்டு நேரம் எதுக்கு எங்களப் பயமுறுத்துனீங்க?" என்றாள். வெட்டிவிட்டேன்.

வழி ஆ. மடவளையில் தாடிவைத்த பெரியவர் ஒருவரை வாப்பாவாகக் கூட்டிக்கொண்டு போவது. அந்தப் பெரியவர், தாஸிம் காக்கா, சம்மதித்தார். ஆனால், "ஜோக்ரபின்டு கேட்டா என்ன செல்ற? எனக்குச் சீனி வருத்தம் ஈக்குன்டு செல்லவா?" என்று கேட்டார், அது ஏதோ நீரிழிவுப் பரிசோதனை என்று நினைத்து. சிரிப்பாகத்தான் இருந்தது. ஆனால் றம்லத் அந்தப் பக்கத்துக்குள் காலெடுத்து வைக்க மறுத்துவிட்டாள்.

வழி இ. இது ஹுஸைனே சொன்னது. "என்ட பேரில சேருறன். நீங்க படிங்கொ, நான் போய் எழுதுறன். எப்பிடியாவது பாடமாக்குவன்." புத்தகத்தைக் கண்டால் கொட்டாவி விடுகிறவன் சொன்னது இது. றம்லத் அவன் தலையில் செல்லமாக ஒரு தட்டுத் தட்டினாள். "பட்டமளிப்பு அன்டு கறுப்பு உடுப்ப நீ போடு. நான் நின்டு படம் புடிக்கிறன், என்ன?" என்றாள். அவன் தலையைத் தடவிக்கொண்டு வேனைக் கழுவப் போனான்.

9

அடுத்த கிழமை இருவரும் அம்பிட்டிய மேட்டில் ஏறினார்கள். றம்லத் வேகமாக ஏறி, வளைவு வந்ததும் தம்பிக்காக நின்றாள். போகிற வழியில் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் ராஜலிங்கத்தோடு முன்கூட்டியே போய் உள்ளே நின்றுகொண்டிருந்தேன்.

மேஜர் நல்ல சட்டை போட்டிருந்தார். மேசையைச் சுற்றி முன்னால் வந்து, ஹுஸைனையும் றம்லத்தையும் தாண்டிக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"அப்பா வரவில்லையா?"

ஹுஸைன் வாயைத் திறந்தான். அவனிடம் ஒரு உண்மையும் ஒரு பொய்யும் தயாராக இருந்தன. எது வரப்போகிறது என்று அவனுக்கே தெரியவில்லை. றம்லத் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள். அவளிடம் இருந்தது கடைக்கு வருகிறவர்களோடு பேசுகிற அளவுக்கான சிங்களம்.

"மம அக்கா" என்றாள். நான் அக்கா. பிறகு சொல் தேடித் தேடி, "அப்பா இல்லை. அவன் பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அக்காவுக்குத் தாத்தா என்று பெயர்" என்றாள்.

தன் தாத்தாவை யாரோ அக்கா என்று சொல்லி ஹுஸைன் கேட்டது அதுதான் முதல்தடவை. அதுவும் அவள் வாயாலேயே. படிப்புப் போய்விடுமே என்பதைவிட அது அவனை அதிகமாக உலுக்கியது. சிறுபிள்ளைபோல அவளுடைய முந்தானை நுனியைப் பிடித்துக்கொண்டான்.

மேஜர் அவளைப் பார்த்தார். அவனைப் பார்த்தார்.

10

இங்கே நான் பேனையை வைத்துவிட்டேன்.

எனக்கு இவர்கள்மேல் பாசம் வந்துவிட்டது. பாசம் வந்தவன் தீர்ப்புச் சொல்லக்கூடாது. எப்படி எழுதினாலும் வழி அ வந்து எட்டிப் பார்க்கிறது. ஆகவே மேஜரின் இடத்தில் நீங்கள்தான் நிற்கவேண்டும். போனகிழமை உங்கள் அப்பாவை நினைத்து ஓர் அந்நியன் முன்னால் கண் கலங்கியவர் நீங்கள். ஏமாந்துபோனேன் என்று கோபப்பட உங்களுக்கு உரிமை இருக்கிறது. விதியில் சகோதரிக்கு இடமில்லை, அதுவும் உண்மை. பெற்றோர் என்ற சொல் எவ்வளவு தூரம் இழுபடும் என்பது உங்கள் கையில். ராஜலிங்கம் உதவமாட்டார். மூச்சைப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்.

மாதம் முடியப் போகிறது. ஆனால் அவசரப்படவேண்டாம், யோசித்துச் சொல்லுங்கள்.

அதற்கு முதல் அவளை அந்தக் கதிரையில் உட்காரச் சொல்லுங்கள். வந்ததிலிருந்து நின்றுகொண்டே இருக்கிறாள்.