கூத்தாடித் தண்ணீர்

சென்றாயன் காய்ச்சலில் சாகவில்லை, தாகத்தில்தான் செத்தான். ராமக்கா அப்படித்தான் நம்பினாள். குளிர்க்காய்ச்சல் கண்டவனுக்குப் பச்சைத்தண்ணீர் காட்டக்கூடாது, காட்டினால் குளிர் நெஞ்சில் ஏறிவிடும் என்பது சித்தேரி மலையில் எல்லாரும் சொல்வது. எந்தப் புண்ணியவான் கண்டுபிடித்தானோ! "ஒரே ஒரு மொடக்குத் தண்ணி, ராமக்கா" என்று புருஷன் கடைசிவரை கெஞ்சினான். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொம்பை ஒளித்து வைத்தாள். பிழைக்க வைக்கத்தான் ஒளித்தாள்.

புதைத்துவிட்டு வந்ததும் வீட்டு மூலையில் ஒரு பானை நிறையச் சுனைத்தண்ணீர் வைத்தாள். செத்தவர் வந்து குடிக்கட்டும் என்று வைப்பது அவர்கள் வழக்கம்தான். காரியம் முடிந்ததும் கொட்டிவிடுவார்கள். ராமக்கா கொட்டவில்லை. அவனுக்குச் சிரமம் வேண்டாமென்று மூடியையும் எடுத்துவிட்டாள். தண்ணீர் குறையக் குறைய ஊற்றினாள். மண்பானை கசியும் என்பது அவளுக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் அவன் குடிக்கிறான் என்று நினைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கியது.

ஒருநாள் பானைக்குள் எட்டிப் பார்த்தபோது தண்ணீர் அசைந்தது. பொடிப்பொடியாக என்னவோ மிதந்தன. அவள் நிழல் பட்டதும் நெளிந்து, சுழன்று, குதித்து அடியில் போய் மறைந்தன. ஓடுகிற சுனையில் மொண்டு குடித்தே வளர்ந்தவள் அவள். நின்ற தண்ணீரில் என்ன பிறக்கும் என்று அதுவரை பார்த்ததில்லை. ஆனால் அந்தச் சுழற்சியைப் பார்த்திருக்கிறாள். மாரியம்மன் நோன்பில் வேஷம் கட்டி, கிறுகிறுவென்று சுற்றி, ஊரையே வாய்பிளக்க வைத்தவன் சென்றாயன். கூத்தாடி சென்றாயன் என்றுதான் அவனுக்குப் பேர்.

அன்று பொழுது சாய்ந்ததும் அவள் காதோரம் மெல்லிய ரீங்காரம் வந்தது. சலங்கை கட்டும்போது அவன் இப்படித்தான் மூக்காலேயே பாட்டை முனகுவான். ராமக்காவுக்கு மயிர்க்கால் சிலிர்த்தது. கை ஓங்காமல், மூச்சைக்கூட அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கடித்தால் கடிக்கட்டும். அதற்குப்பின் தினமும் அந்தி எப்போது சாயும் என்று காத்திருந்தாள். பாவம், பைத்தியம் என்று சொல்ல நமக்கு வாய் வராது.

மழை விட்ட மாதத்தில் மகள் சின்னக்காவுக்குக் குளிர் கண்டது. ஒருநாள் பல் கிட்டிக்கொள்ள நடுங்குவாள், மறுநாள் எழுந்து விளையாடுவாள், அடுத்தநாள் திரும்பவும் நடுங்குவாள். அப்பனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. ராமக்கா பானையின் முன்னால் போய் விழுந்தாள்.

"தண்ணி போதலையா மாமா? எம்புள்ளைய எதுக்குக் கூப்பிடற? எனக்கு அவ ஒருத்திதானே இருக்கா!"

பக்கத்தில் இன்னொரு பானையும் வைத்தாள்.

அந்த வாரம் அரூரிலிருந்து மலேரியாக்காரர் சவுரியப்பன், எண்ணெய்த் தகரத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு மலையேறி வந்தார். சின்னக்காவின் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு கொயினா மாத்திரை கொடுத்தார்.

"தண்ணி கேட்டா நெறையக் குடும்மா" என்றார்.

"குடுக்கலாமுங்களா?"

"குடுக்காம? காய்ச்சக்காரங்களுக்கு நாக்கு வறளுமில்ல?"

ராமக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அவர் அதைக் கவனிக்காமல் மூலையில் குனிந்தார்.

"ஏம்மா, இந்தப் பானையில கூத்தாடி இருக்குதே, தெரியுமா?"

அவள் யாரிடமும் சொன்னதில்லை. இவருக்கு எப்படித் தெரிந்தது?

"தெரியுமுங்க சாமி. எம்புருசன்தாங்க அது."

சவுரியப்பன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். "கூத்தாடின்னா கொசுப்புழும்மா. நெளிஞ்சு ஆடுதில்ல, அதனால அந்தப் பேரு. இதுதான் றெக்கை மொளச்சுப் பறக்குது. காய்ச்சக்காரங்களக் கடிச்சிட்டு வந்து அடுத்த ஆளையும் கடிக்குது. இது இருந்தா உம்புள்ளைக்கு மறுபடி மறுபடி வரும். எண்ணெய ஊத்தினா செத்துரும்" என்று சொல்லித் தகரத்தைச் சாய்க்கப் போனார். ராமக்கா பாய்ந்து பானையைக் கட்டிக்கொண்டாள்.

"எண்ணெய ஊத்தாதீங்க சாமி! அவரு குடிக்கற தண்ணிங்க!"

"புருசன் வேணுமா, புள்ள வேணுமான்னு நீயே பார்த்துக்க" என்று சலித்துக்கொண்டு அவர் அடுத்த வீட்டுக்குப் போனார்.

அவள் பானையடியை விட்டு நகரவில்லை. அந்தி சாயும் நேரம், மேலே மிதந்த ஒன்றின் முதுகு வெடித்தது. உள்ளேயிருந்து ஒரு கொசு ஏறி, தான் கழற்றிய தோலின் மேலேயே நின்று, இறகு காய்ந்து, பறந்து, சின்னக்கா படுத்திருந்த பக்கம் போனது. போகும்போது அதே முனகல்தான். அவனுடைய பாட்டுதான்.

விடிந்ததும் இரண்டு பானையையும் காட்டோரம் தூக்கிப்போய், புருஷனைப் புதைத்த மேட்டில் கவிழ்த்தாள்.

"வயிறு முட்டக் குடி மாமா. நீ கேட்டப்பவே குடுத்திருக்கணும், குடுக்கல. என் தப்புதான். ஆனா இனிமே வூட்டுப் பக்கம் வராத."

மண் ஒரே மூச்சில் உறிஞ்சிக்கொண்டது. சேற்றில் கூத்தாடிகள் கொஞ்சநேரம் துள்ளி, பிறகு அடங்கின. அடங்கும்வரை அவள் நின்று பார்த்தாள். ஒரே மனுஷனை இரண்டாம் தடவை சாகக்கொடுத்ததுபோல் இருந்தது.

அன்று சாயங்காலம் சின்னக்காவுக்கு மறுபடி குளிர் வந்தது. "அம்மா, ஒரு மொடக்கு" என்றாள். அப்பன் கேட்ட அதே குரல். ராமக்கா அவள் தலையை மடியில் தூக்கிவைத்துச் சொம்பை வாயில் சாய்த்தாள். அப்போது காதோரம் அந்தப் பாட்டு வந்தது.

அவள் ஓங்கி அறைந்தாள்.

உள்ளங்கையில் ஒரு பொட்டு ரத்தம். தன்னுடையதா, மகளுடையதா, தெரியவில்லை. அதைச் சேலையில் துடைத்துவிட்டு, அழுதுகொண்டே, மகளுக்கு இன்னொரு மொடக்குத் தண்ணீர் ஊற்றினாள்.