மேல் வீட்டுத் தண்ணீர்

“நாளைக்கு மீட்டிங்குல எனக்கோசரம் ஒரு வார்த்தை பேசுவியாக்கா?”

“அதெப்படி ரேணு? நான் செக்ரட்டரி. எல்லாருக்கும் பொதுவா நிக்கோணும்.”

“அப்ப அக்கா?”

“அக்கா மீட்டிங் முடிஞ்சதுக்கப்பறம். நாயம் உன் பக்கம் இருக்குது. அவங்களே ஒத்துக்குவாங்க, பயப்படாத.”

வேலாமணியின் சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டே அக்காளும் தங்கையும் பேசிய பேச்சு அது. இரண்டு வருடம் ஆகிவிட்டது. மொச்சை வாங்கும்போதெல்லாம் வேலாமணிக்கு அந்தப் பேச்சு நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குன்னூரில் மலைச்சரிவை வெட்டிக் கட்டிய கட்டடம். கீழே இரண்டு வீடு, மேலே இரண்டு வீடு. கல்யாணமே வேண்டாமென்று தேயிலைக் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற வேலாமணி, கீழே. நாலு வீட்டுச் சங்கத்துக்கும் அவள்தான் செக்ரட்டரி. கணவர் போனபின் கோயமுத்தூர் வீட்டை மகன் யுவனுக்கு விட்டுவிட்டு, அக்கா இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காக மேல் வீட்டை வாங்கியவள் ரேணுகா. அந்த வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. ஐப்பசி மழையில் அது சல்லடையாக ஒழுகியது.

மாடி எல்லோருக்கும் பொது, தகர ஷீட் போடும் செலவும் பொது என்று மீட்டிங்கில் ரேணுகா கேட்டாள். கீழே எதிர் வீட்டு லியோ சிரித்தார். “மழை உங்க தலைல பெய்யுது, குடை நான் வாங்கணுமா?” மேலே எதிர் வீட்டு விஜயன் திருப்பூர்க்காரர். சீசனுக்கு மட்டும் வருகிறவர். “ஏனுங்க, நான் வர்றப்ப ஒரு சொட்டுக்கூடப் பாக்கலையே!” என்றார். ஏப்ரலில் வந்தால் எங்கே பார்ப்பது?

எல்லோரும் வேலாமணியின் முகத்தைப் பார்த்தார்கள். தங்கைக்குச் சாய்கிறாள் என்று நாளைக்கு ஒருவர் சொல்லிவிடக் கூடாதே என்ற பயத்தில், யாரும் கேட்காத ஒன்றை அவளே சொன்னாள். “மேல் வீட்டு ஒழுகலை மேல் வீட்டுக்காரங்களே பாத்துக்கட்டும். கீழ் வீட்டுல ஏதாச்சும்னா நாங்க பாத்துக்கறோம்.” பேஷ், பேஷ் என்றார் லியோ. ரேணுகா எழுந்து படியேறிப் போனாள்.

அடுத்த வாரம் தன் வீட்டு அளவுக்கு மட்டும் அவள் ஷீட் போட்டுக்கொண்டாள். அந்தத் தண்ணீரைப் பிடித்து ரோட்டுச் சாக்கடைக்கு இறக்கும் பைப், லியோவின் ஜன்னலை ஒட்டித்தான் வர வேண்டும். அவர் விடவில்லை. எனவே ஷீட்டில் விழுந்த மழையெல்லாம் கட்டடத்தின் பின்னால், மண்மேட்டுக்கும் சுவருக்கும் நடுவில் கொட்டியது. அந்தச் சுவருக்கு உள்பக்கம் வேலாமணியின் படுக்கையறை.

முதல் மழையிலேயே சுவர் வியர்த்தது. இரண்டாவது மழைக்குக் கறுத்தது. வேலாமணி கட்டிலை விட்டுவிட்டு மெத்தையை மட்டும் ஹாலுக்கு இழுத்துக்கொண்டாள். யாரிடம் போய்ச் சொல்வது? கீழ் வீட்டைக் கீழ் வீட்டார் பார்த்துக்கொள்வோம் என்று வாய் நிறையச் சொன்னவளே அவள்தான். ஆட்களை அவள் வீட்டுக்குள் விடுவதும் நின்றது. இருமலுக்குப் பனியைக் காரணம் சொன்னாள்.

ரேணுகாவும் வருவதில்லை. படியில் எதிர்ப்பட்டால், “மோட்டார் போட்டாச்சுங்களா செக்ரட்டரியம்மா?” என்பாள். அந்த ‘ங்க’ வேலாமணியைச் சுடும்.

அப்புறம் வீட்டை விற்கப் போகிறாள் என்று தெரிந்தது. லியோதான் சொன்னார். ஈரோட்டிலிருந்து புருஷன் பெண்டாட்டியாக ஒரு ஜோடி வந்து மேல் வீட்டைப் பார்த்தது. பிடித்துப்போன முகத்தோடு இறங்கி வந்து வேலாமணியின் கதவைத் தட்டியது. பின்னால் ரேணுகா.

“செக்ரட்டரி நீங்கதானுங்களா? கட்டடத்துல ஒழுகல், ஈரம், ஏதாச்சும் பிரச்சனை உண்டுங்களா?”

வேலாமணி ரேணுகாவைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் வந்தவர்கள் போய்விடுவார்கள், ரேணுகா இங்கேயே இருப்பாள். ஆனால் வயிற்றெரிச்சலில் விற்பனையைக் கெடுத்தாள் என்ற பேர் வேலாமணிக்கு நிலைத்துவிடும்.

“ஒண்ணுமில்லீங்க. நல்ல கட்டடம்,” என்றாள்.

“கீழ சுவரெல்லாம் எப்படி இருக்குதுன்னு உங்க ரூமு மட்டும் ஒருக்கா பாத்துக்கறோமுங்க,” என்றாள் அந்தப் பெண்.

“அங்க ஒரே சாமானா கெடக்குதுங்க...”

“பாக்கட்டுமுங்க செக்ரட்டரியம்மா,” என்று ரேணுகா முன்னால் வந்தாள். “நல்ல கட்டடத்துல மறைக்க என்ன இருக்குது?” வேலாமணி தடுப்பதற்குள் கதவைத் தள்ளிவிட்டாள்.

வாடைதான் முதலில் வந்தது. நெஞ்சு உயரத்துக்குக் கறுத்துப் போன சுவர். உரிந்து தொங்கும் பெயிண்ட். மெத்தை இல்லாத வெறுங்கட்டில். ஜன்னலுக்கு வெளியே, காலையில் நின்ற மழையின் தண்ணீர் தகரத்திலிருந்து இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

ஊருக்குப் போய்ப் பேசிச் சொல்கிறோம் என்று அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்கு என்ன அர்த்தமென்று எல்லோருக்கும் தெரியும். ரேணுகா அவர்களை வழியனுப்பக்கூட வெளியே வரவில்லை. சுவரில் கை வைத்துப் பார்த்து, உடனே எடுத்துக்கொண்டாள்.

“எப்ப இருந்து?”

“நீ ஷீட்டு போட்டதுல இருந்து.”

“என் தண்ணியாக்கா இது?” ‘அக்கா’ தானாகவே வந்துவிட்டது. “வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்த? ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்க வேண்டாமா?”

“எந்த மூஞ்சிய வெச்சுட்டுச் சொல்றது?”

“சரி, இப்ப எதுக்குப் பொய் சொன்ன? நாளைக்கு அவங்க வந்து நம்மளத் திட்டமாட்டாங்களா?”

“தப்புத்தான். நீயாவது இந்த ஈரத்துல இருந்து தப்பிச்சுப் போகட்டும்னு...” இருமல் வந்தது. நிற்கவில்லை.

ரேணுகா சொம்பில் தண்ணீர் கொண்டு வந்தாள். அப்போதுதான் ஹால் மூலையில் சுருட்டி வைத்திருந்த மெத்தையைக் கண்டாள். அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“பைப்பு வெக்கோணுமா? லியோ அண்ணன்கிட்ட நான் சண்டை கட்டறேன். இல்ல, ஷீட்டையே கழட்டீரட்டுமா? என்ன வேணும்னு சொல்லித் தொலைக்கா!”

பைப்பைப் பற்றியும், சுவரைப் பற்றியும், பொதுச் செலவைப் பற்றியும் வேலாமணி மனதுக்குள் எத்தனையோ முறை பேசிப் பார்த்திருக்கிறாள். இப்போது அதையெல்லாம் விட்டுவிட்டாள். சொம்பைக் கீழே வைத்துவிட்டு, தங்கையின் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

“இன்னிக்கு ராத்திரி உன் ஊட்டுல வந்து படுத்துக்கட்டுமா, ரேணு?”